நண்டின் குருதியும் நோயாளியின் மானியும்

நெல்லின் ஈரப்பதனை அளக்கும் மானியைக் கமக்காரர் பலர் அறிவர். அறுவடை செய்த நெல்லை நூற்றுக்கு 14 வீத ஈரப்பதன் வரை உலர்த்திய பின்னரே களஞ்சியத்திற் சேர்த்தல் வேண்டும் என்பதும், அந்நிலையை அறிய அம்மானி உதவுகின்றது என்பதும் அவர்கட்குத் தெரிந்தவையே. ஆயின், சோளத்துக்கென அளவுகோடிடப்பட்ட மானியில் நெல்லை இட்டால் அது வாளாவிருப்பதில்லை. ஏதோ ஓர் எண்ணைக் காட்டவே செய்யும். அவ்வெண் பிழையானது என்பதை மானி கூறாது. அதனை அறிய வேண்டியவர் மானியைக் கையாளுபவரே.

இச்சிறு உண்மையே இப்பிரசுரத்திற் கூறப்போகும் பொருளுக்கும் அடிப்படையாகும். நீரிழிவு நோயாளர் தம் வீட்டில் வைத்துச் சீனியின் அளவு பார்க்கும் சிறு கருவியையும், அதனையொத்த ஏனைய மருத்துவக் கருவிகளையும், நண்டு, சிங்கி இறால் முதலிய முள்ளந்தண்டில்லா விலங்குகளின் உடல்நிலையை அவை வாழும் இடத்திலேயே அளந்தறிவதற்கு ஆராய்ச்சியாளர் பல நாடுகளிற் பயன்படுத்தி வருகின்றனர். இம்முயற்சி வரவேற்கத்தக்கதா? அக்கருவிகள் காட்டும் எண்களை எவ்வளவுக்கு நம்பலாம்? இவ்வினாக்களுக்கு எமது விடையைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றோம். கருவிகளைப் பயன்படுத்துதல் வேண்டும். ஆனால் நண்டைச் சோதிக்கும் முன்னர் மானியைச் சோதித்தல் வேண்டும். இரண்டாவது பணியைச் செய்ய விருப்பமில்லாதவர் முதலாவதைத் தொடங்காதிருத்தலே நன்று.

இத்தேவை எழுந்த காரணம்

எமது நாட்டின் களப்புக்களிலும் கண்டற் காடுகளிலும் பிடிக்கப்படும் சேற்று நண்டுகள் காலும் கொடுக்கும் கட்டப்பட்டு, உயிருடனேயே வெளிநாடுகளுக்கு அனுப்பப்படுகின்றன. சிங்கப்பூரின் உணவகங்களில் இலங்கை நண்டுக்குத் தனிப் பெயருண்டு. உயிருள்ள நண்டுக்கே விலை; இறந்த நண்டு எறியப்படும். ஆகவே, கூடையிலுள்ள நண்டுகளில் எது பயணத்தைத் தாங்கும், எது தாங்காது என்பதை முன்கூட்டியே அறிய முடியுமாயின், மீனவருக்கும் வியாபாரிக்கும் உண்டாகும் நட்டம் குறையும். வீணே இறக்கும் உயிர்களும் குறையும்.

மற்றொரு காரணமும் உண்டு. எமது நாட்டின் நன்னீர் நண்டுகளில் ஐம்பதளவான இனங்கள் உள. அவற்றுள் ஏறக்குறைய அனைத்தும் உலகில் வேறெங்கும் காணப்படாதவை. பல இனங்கள் மலைநாட்டின் சில ஓடைகளில் மாத்திரமே எஞ்சியுள்ளன. ஓடையோரக் காடு வெட்டப்படுவதாலோ, நஞ்சு மருந்துகள் நீரிற் கலப்பதாலோ அவை துன்புறுகின்றனவா என்பதை அறிய விரும்புகின்றோம். ஆனால் அதற்காக அவற்றைப் பெருந்தொகையாகக் கொன்று ஆய்வுகூடத்துக்குக் கொண்டு செல்லுதல், நோயறியும் பொருட்டு நோயாளியையே கொல்லுதலை ஒக்கும். ஒரு துளி குருதியை எடுத்து, அவ்விடத்திலேயே சோதித்து, நண்டை மீண்டும் நீரில் விட இயலுமாயின் அதனினும் சிறந்த முறை வேறில்லை.

மேலும், குருதி மாதிரிகளை உறையச் செய்து தொலைவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்புதற்குப் பனிக்கட்டியும் வாகனமும் காலமும் வேண்டும். கையடக்கமான மானியோ ஒரு நிமிடத்துக்குள் விடை தருகின்றது. களத்தில் வேலை செய்வோர் அதனை நாடுவதிற் குற்றமில்லை.

கருவிகள் எவை?

முதலாவது, குளுக்கோசுமானி. 1962ஆம் ஆண்டில் இலீலண்டு கிளார்க்கு, இலயன்சு என்னும் அமெரிக்க அறிஞர்கள் நொதியம் ஒன்றையும் மின்வாயையும் இணைத்துக் குளுக்கோசை அளக்கும் வழியை விளக்கினர். இன்றைய சிறு மானிகள் பெரும்பாலும் அவ்வழி வந்தவையே. சோதனைக் கீலத்திற் பூசப்பட்டுள்ள நொதியம் குருதியிலுள்ள குளுக்கோசுடன் தாக்கம் புரியும். அதனால் உண்டாகும் சிறு மின்னோட்டத்தை மானி எண்ணாக மாற்றிக் காட்டும்.

இரண்டாவது, இலக்றிக் அமிலத்தை அளக்கும் மானி. விளையாட்டு வீரரின் களைப்பை அளப்பதற்கும் மருத்துவமனைகளில் நோயாளியின் நிலையை அறிவதற்கும் இது பயன்படுகின்றது. நீரை விட்டு வெளியே எடுக்கப்பட்ட நண்டின் பூக்களின் மென்தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். போதிய ஒட்சிசன் கிடையாமையால் உடலில் இலக்றிக் அமிலம் சேரும். மீண்டும் நீரில் விட்டாலும் அது நீங்கப் பல மணி நேரம் செல்லும். எனவே இவ்வளவு, நண்டு பட்ட பாட்டின் கணக்கேடு எனலாம்.

மூன்றாவது, முறிவுமானி. மருத்துவர் சிறுநீரின் செறிவையும் குருதிப் பாயத்தின் புரதத்தையும் அறிய வழங்கும் எளிய ஒளிக்கருவி இது. கனடாவிலும் அவுத்திரேலியாவிலும் சிங்கி இறாலின் குருதித் துளியை இதில் இட்டு அதன் உடல்வலிமையை மதிப்பிடும் வழக்கமுண்டு. ஓடு கழற்றியவுடன் இவ்விலங்குகள் நீரை உறிஞ்சி உடலைப் பெருக்குகின்றன. அப்பொழுது குருதியிலுள்ள புரதத்தின் செறிவு குறைந்து விடுகின்றது. அந்நிலையிலுள்ளவற்றில் தசை குறைவு; நெடும் பயணத்தைத் தாங்கும் ஆற்றலும் குறைவு.

நான்காவது, ஒளியினால் நாடித்துடிப்பை அறியும் உணரி. 1984ஆம் ஆண்டில் தெபிளெட்சு என்னும் ஆராய்ச்சியாளர் செந்நிறக் கீழ்க்கதிரை நண்டின் ஓட்டினூடு செலுத்தி, ஓட்டைத் துளைக்காமலே இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் முறையை வெளியிட்டார்.

நண்டு மனிதனல்லன்

இக்கருவிகளுட் பெரும்பாலானவை மனிதக் குருதிக்கென அமைக்கப்பட்டவை என்பதை ஒருபோதும் மறத்தலாகாது. மனிதக் குருதியில் நூற்றுக்கு 45 வீதமளவில் செங்குருதிக் கலங்கள் உள. சீனி பார்க்கும் மானி அக்கலங்கள் இருக்குமென எதிர்பார்த்தே தன் கணக்கைச் செய்கின்றது. நண்டின் குருதியிற் செங்கலங்களே இல்லை. கலங்கள் குறைந்த குருதியிற் பல மானிகள் உண்மையிலும் கூடிய அளவைக் காட்டும் என்பது மருத்துவர் அறிந்த செய்தி. கலங்கள் அறவே இல்லாத குருதியில் அவை யாது கூறும் என்பதைச் சோதித்தாலன்றி அறிய இயலாது.

எமது குருதியில் ஒட்சிசனைக் கொண்டு செல்வது இரும்பு கொண்ட ஈமோகுளோபின். நண்டின் குருதியிலோ செம்பு கொண்ட ஈமோசயனின். ஒட்சிசன் சேர்ந்தால் முன்னது செந்நிறம் பெறும். பின்னது நீலநிறம் பெறும். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றின்போது பலரும் அறிந்துகொண்ட, விரலில் மாட்டி ஒட்சிசன் அளவைக் காட்டும் கருவி, ஈமோகுளோபினின் நிறமாற்றத்தைக் கொண்டே விடை கூறுவதாகும். அதனை நண்டின் மீது வைத்தால் துடிப்பையேனும் ஒருவேளை எண்ணக்கூடும். ஒட்சிசனைப் பற்றி அது கூறுவது வெறும் கற்பனையே.

உப்பின் அளவும் வேறு. மனிதக் குருதியில் இலீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 140 மில்லிமூல் சோடியம் உண்டு. கடல்நீரில் வாழும் நண்டின் குருதியில் அது 450ஐ ஒட்டி நிற்கும். மின்னோட்டத்தைக் கொண்டு அளக்கும் கருவிக்கு இவ்வேறுபாடு சிறியதன்று. முறிவுமானியுங்கூடப் புரதத்தினால் மாத்திரமன்றி உப்பினாலும் மாறும். எனவே உவர்நீர்க் களப்பில் மழைக்கு முன் பிடித்த நண்டையும் மழைக்குப் பின் பிடித்த நண்டையும் ஒப்பிடுபவர் அதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

வெப்பநிலையையும் நோக்குக. மருத்துவமனையிற் பயன்படும் கையடக்கக் குருதிச் சோதனைக் கருவிகள் சில, துளியை 37 பாகை வெப்பநிலைக்குக் கொண்டுவந்தே அமிலத்தன்மையை அளக்கின்றன. நண்டோ நீரின் வெப்பநிலையில் வாழ்வது. களப்பின் நீர் 28 பாகையாயின், ஒன்பது பாகை வேறுபாடு உண்டாகும். ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.015 வீதம் பீ.எச். பெறுமானம் குறையுமாதலால், மொத்தத்தில் ஏறக்குறைய 0.13 குறைவாகத் தோன்றும். நண்டின் குருதி அமிலமாகிவிட்டதென அஞ்சுதற்கு இவ்வளவே போதுமானது. உண்மையில் அமிலமாக்கியது கருவியின் சூடே.

கருவி காணாத பொருள்கள்

பிழையான எண்ணைக் காட்டும் கருவியிலும் ஆபத்தானது, இருக்கும் பொருளையே காணாத கருவி. இதற்கு மூன்று எடுத்துக்காட்டுக்கள் கூறுவோம்.

பெரும்பாலான பூச்சிகளின் குருதியில் முதன்மையான வெல்லம் குளுக்கோசன்று; இரண்டு குளுக்கோசு மூலக்கூறுகள் இணைந்த திரிகலோசு என்பதாகும். 1957ஆம் ஆண்டில் வயற்று, கால்பு என்போர் இதனை வெளிப்படுத்தினர். குளுக்கோசுமானியின் நொதியம் இவ்விணைப்பைத் தொடாது. ஆகவே பயிரைத் தின்று கொழுத்த புழுவின் குருதியிலும் மானி சீனி குறைவெனக் காட்டக்கூடும். அதனைக் கண்டு புழு பசியால் வாடுகின்றது என்று முடிவுசெய்வது எத்துணை நகைப்புக்கிடமானது!

மட்டி, சிப்பி, கணவாய் ஆகியன ஒட்சிசன் போதாதபொழுது பெரும்பாலும் இலக்றிக் அமிலத்தை உண்டாக்குவதில்லை. ஒற்றொப்பீன் முதலிய வேறு பொருள்களையே உண்டாக்குகின்றன. களைத்து ஓய்ந்த கணவாயிலும் இலக்றிக் அமில மானி யாதும் இல்லையெனவே கூறும்.

மூன்றாவது எடுத்துக்காட்டே எமக்கு மிகுந்த சிந்தனையைத் தருவது. அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையில் வாழும் குதிரைலாட நண்டு என்னும் தொன்மையான விலங்கின் நீலக்குருதி, மருந்தூசிகளிற் பற்றீரிய நஞ்சு உள்ளதா என்பதைச் சோதிப்பதற்குப் பயன்படுகின்றது. பிரெட்றிக்கு பாங்கு என்பவர் 1956ஆம் ஆண்டில் அக்குருதி உறையும் தன்மையை விளக்கியதிலிருந்து வளர்ந்த முறை அது. இதற்கென ஆண்டுதோறும் அவ்விலங்குகள் பெருந்தொகையாகப் பிடிக்கப்பட்டுக் குருதி எடுக்கப்பட்டபின் கடலில் விடப்படுகின்றன. ஒரு பகுதி இறந்தும் போகின்றன. பிடித்தலாலும் நீருக்கு வெளியே வைத்தலாலும் அவை எவ்வளவு களைப்படைகின்றன என்பது கேட்கவேண்டிய கேள்வியே. ஆனால் அவ்விலங்கு உண்டாக்குவது இலக்றிக் அமிலத்தின் வலம்புரி இடம்புரி வடிவங்கள் இரண்டனுள், மனிதரிலும் நண்டிலும் உண்டாகாத மறு வடிவமாகும். மனிதருக்கான மானியின் நொதியம் அதனை அறியாது. மனிதரின் உயிரைக் காக்கத் தன் குருதியைத் தரும் விலங்கு, அம்மனிதரின் மானியில் தன் களைப்பைக் காட்ட முடியாத நிலையில் உள்ளது. மானி காட்டும் சுழியத்தைப் பார்த்து, அதற்கு யாதொரு துன்பமும் இல்லையென ஒருவர் எழுதிவிடின், அப்பிழையின் விலையைக் கொடுப்பது அவரன்று, அவ்விலங்கே.

தொட்டவுடன் மாறும் அளவு

கருவி சரியாயிருந்தாலும், கையாளும் முறை பிழைக்கலாம். நண்டின் கண்காம்பிலிருந்து சுரக்கும் ஓமோன் ஒன்று குருதியிற் குளுக்கோசைக் கூட்டுகின்றது என்பது 1944ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டது. அச்சமுற்றாலும், பிடிபட்டாலும், காற்றில் வைக்கப்பட்டாலும் அது சுரக்கும். கூடையிலிருந்து எடுத்து, நிறுத்து, நீளம் பார்த்து, படம் பிடித்து, அதன் பின்னர் குருதி எடுப்பவர் அளப்பது நண்டின் இயல்பான நிலையையன்று. தாம் கொடுத்த தொல்லையையே அளக்கின்றார். ஆகவே குருதியே முதல், ஏனையவை பின்னர்.

இன்னொரு பொறியும் உண்டு. நண்டின் குருதி விரைவில் உறைந்துவிடுமாதலால், உறைவைத் தடுக்கும் கரைசலை ஊசிக்குழாயில் முன்னரே இடுவது வழக்கம். அக்கரைசல்களுட் சிலவற்றில் குளுக்கோசே ஒரு கூறாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அதனைப் படித்துப் பாராமல் குளுக்கோசுமானியைப் பயன்படுத்துபவர், தாமே இட்ட சீனியைத் தாமே அளந்து வியப்புறுவர்.

இரு சாராரின் கருத்து

ஆய்வுகூடத்தில் இருப்போர் சிலர் இக்கருவிகளை விளையாட்டுப் பொருள்களென ஒதுக்குகின்றனர். செப்பமற்ற அளவை விட அளவில்லாமையே மேல் என்பது அவர் வாதம். இதனை நாம் ஏற்கவில்லை. நண்டு இறப்பது களப்பின் கரையில், ஆய்வுகூடத்தில் அன்று. ஓர் எடுத்துக்காட்டாக, நிழலில் ஈரச்சாக்கினால் மூடிய கூடையிலுள்ள நண்டுகளுக்கு மானி 2 என்றும், வெயிலில் வைத்த கூடையிலுள்ளவற்றுக்கு 8 என்றும் காட்டுவதாகக் கொள்வோம். உண்மையான அளவுகள் 3உம் 11உம் ஆகவே இருக்கட்டும். எக்கூடை கூடிய துன்பம் அடைந்தது என்னும் கேள்விக்கு மானி சரியான விடையையே தந்துள்ளது. நிழலும் ஈரமும் நன்மை பயப்பன என்பதை மீனவருக்குக் காட்ட இது போதுமானது.

களத்தில் இருப்போர் சிலரோ, எண் எண்தானே என்று மானி காட்டியதை அப்படியே ஏட்டிற் பதிந்து, அதனை வேறொரு நாட்டில் வேறொரு முறையாற் பெற்ற எண்ணுடன் ஒப்பிடுகின்றனர். இதனையும் நாம் ஏற்கவில்லை. கூடியது குறைந்தது என்று கூறுவதற்குத் தகுதிபெற்ற மானி, இவ்வளவு என்று கூறுவதற்கும் தகுதிபெற்றதாகாது. இன்னின்ன அளவுக்கு மேற்பட்ட நண்டை ஏற்றுமதி செய்யலாகாது என்றோ, இன்ன ஓடையில் நண்டுகள் நலமாயுள்ளன, ஆகவே பாதுகாப்பு வேண்டியதில்லை என்றோ ஒரு விதி வகுக்கப்படுமாயின், அதற்கு அடிப்படையாகும் எண் சோதிக்கப்பட்ட எண்ணாயிருத்தல் வேண்டும். பிழையான எண்ணின்மேல் எழுந்த விதி, மீனவரின் நல்ல நண்டை மறுக்கவுங்கூடும். அழிந்துவரும் இனத்தைக் கைவிடவுங்கூடும். எண் இல்லாதவிடத்து நாம் எச்சரிக்கையுடன் நடப்போம். பிழையான எண் உள்ளவிடத்து அவ்வெச்சரிக்கையும் போய்விடும்.

செய்யவேண்டியன

எனவே இக்கருவிகளைக் கையாள விரும்பும் ஆராய்ச்சி உத்தியோகத்தர், மாணவர், ஏற்றுமதியாளர் ஆகியோர் பின்வருவனவற்றை முறையே கைக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

1. அளக்க எண்ணிய பொருள் அவ்விலங்கின் குருதியில் உண்டா என்பதை முதலில் நூல்களிலிருந்து அறிந்து கொள்ளுக. இல்லையெனின் அம்மானியை வாங்கற்க.

2. அவ்விலங்கின் குருதிக்கொத்த உப்புக் கரைசலில், அறிந்த அளவு குளுக்கோசையோ இலக்றிக் அமிலத்தையோ பல செறிவுகளிற் கரைத்து, மானி என்ன காட்டுகின்றது என்பதை வரைபாக வரைக.

3. ஒரே விலங்கின் ஒரே குருதியை இரு பங்காக்கி, ஒன்றை மானியிலும் மற்றதை ஆய்வுகூட முறையிலும் அளக்க. ஓய்ந்திருந்த விலங்குகள், களைத்த விலங்குகள் ஆகிய இரு சாராரையும் இதற்குச் சேர்த்துக் கொள்ளுக. இரண்டுக்கும் உள்ள தொடர்பு தெளிவாயின் திருத்தக் கணக்கு ஒன்றை ஆக்கிக் கொள்ளலாம். தொடர்பு இல்லையாயின் அம்மானியைக் கைவிடுக.

4. மானியின் எல்லையை அறிக. பல குளுக்கோசுமானிகள் தசலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைந்த அளவை எண்ணாகக் காட்டாது, குறைவு என்றே காட்டும். ஓய்ந்திருக்கும் நண்டு பெரும்பாலும் அவ்வெல்லையின் அருகிலோ கீழோ இருக்கும். குறைவு என்பதைச் சுழியம் என்று பதிதல் கூடாது.

5. சோதனைக் கீலங்களை வெயிலிலும் ஈரக்காற்றிலும் வையாது, மூடிய புட்டியில் நிழலிற் காக்க. காலங் கடந்த கீலத்தைப் பயன்படுத்தற்க.

6. பின்னங்காலின் அடியிலுள்ள மென்சவ்வினூடு மெல்லிய ஊசியாற் சிறிதளவு குருதியே எடுக்க. பிடித்த நேரம், குருதி எடுத்த நேரம், நீரின் வெப்பநிலை, உவர்த்தன்மை, ஓட்டின் வன்மை மென்மை ஆகியவற்றையும், மானியின் வகையையும் கீலத்தின் தொகுதி எண்ணையும் உடனே குறித்துக் கொள்ளுக.

7. ஓரினத்துக்குச் சோதித்துக் கண்ட திருத்தக் கணக்கை மற்றோரினத்துக்குப் பயன்படுத்தற்க. சேற்று நண்டுக்குப் பொருந்துவது வயல் நண்டுக்குப் பொருந்துமென்பதற்கு உறுதியில்லை.

இவற்றுள் எதுவும் பெரும் பொருட்செலவை வேண்டுவதன்று. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்திற் சில வாரங்களிற் செய்து முடிக்கத்தக்கவை. ஒருமுறை செவ்வனே செய்து வெளியிட்டால், அதன்பின் களப்பின் கரையில் நிற்கும் எவரும் அதன் பயனைப் பெறலாம். எமது சேற்று நண்டுக்கும், சிங்கி இறாலுக்கும், மலைநாட்டு ஓடை நண்டுக்கும் இவ்வாறான திருத்தக் கணக்குக்களை ஆக்கிப் பொதுவில் வைத்தல், புதிய மானிகளை வாங்கிக் குவிப்பதிலும் முதன்மையான பணியென்பது எமது துணிபு.

நோயாளி தன் நிலையை வாயினாற் கூறுவான். மானி பிழைத்தாலும் மருத்துவர் அவன் முகத்தைப் பார்த்து ஐயுறுவார். நண்டுக்கு அவ்வாறு கூறும் வாயில்லை. அதன் சார்பிற் பேசுவது மானி ஒன்றேயாகும்பொழுது, அம்மானி உண்மை பேசுகின்றதா என்பதை உறுதிசெய்தல் அதனைக் கையிற் பிடித்திருப்பவரின் கடமையாகும். நெல்லுக்கு நெல்லின் மானி வேண்டும் என்பதை அறிந்த கமக்காரருக்கு இந்நீதியை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.